எர்னெட் என்னும் வால்: தென்சென்னை வளாகங்களுக்கு இணையம் வந்த வழி

1990களில் சென்னையிலிருந்து எழுதப்பட்ட கணித, இயற்பியல், கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்தில், ஆசிரியரின் பெயருக்கும் நிறுவனத்தின் அஞ்சல் முகவரிக்கும் கீழே, சிறிய எழுத்தில் மின்னஞ்சல் முகவரி ஒன்று அச்சாகியிருக்கும். அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்துக் கட்டுரையாயின் அது ‘ஐஐடிஎம்.எர்னெட்.இன்’ என்றும், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக் கட்டுரையாயின் ‘ஐஎம்எஸ்சி.எர்னெட்.இன்’ என்றும், தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலை 92ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய ஸ்பிக் கணித நிறுவனத்துக் கட்டுரையாயின் ‘எஸ்எம்ஐ.எர்னெட்.இன்’ என்றும் முடியும். தலை வேறாயினும் வால் ஒன்றே. மெய்க்கீர்த்தியின் முதல் தொடரைக் கொண்டே அது எந்த மன்னன் காலத்துக் கல்வெட்டு எனக் கல்வெட்டாய்வாளர் சொல்லிவிடுவதுபோல, இந்த வாலைக் கொண்டு, சென்னையின் உயர்கல்வி வளாகங்களுக்கு இணையம் யார் கையால், எந்த வழியாக வந்தது என்பதைத் தேடிச் செல்ல இயலும்.

எர்னெட் என்பது ‘கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1986இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் இதனைத் தொடங்கியபோது பங்கேற்றவை எட்டு அமைப்புகள் மட்டுமே: தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியிலிருந்த மின்னணுவியல் துறை. தொலைபேசி நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கும் பண்டமாக இணையம் அன்று இருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கு விதேஷ் சஞ்சார் நிகம் இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய நாள் 1995 ஆகஸ்டு 15. அதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே பேராசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களும் மோடமும் நிரல்களும் கொண்டு தங்களுக்கான வலையைத் தாங்களே பின்னத் தொடங்கியிருந்தனர். ஆகவே சென்னையின் இணைய வரலாறு வகுப்பறையை அடுத்த ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. தொலைபேசி நிலையத்தில் அல்ல.

முதலில் நடந்தது மின்னஞ்சல் பரிமாற்றம் ஒன்றே. அதற்குக் கையாளப்பட்ட முறைக்கு யூயூசிபி என்று பெயர்; யுனிக்ஸ் கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் நிரல் என்பது அதன் பொருள். இம்முறையில் கணினிகள் எந்நேரமும் இணைந்திருப்பதில்லை; ஒரு கணினி மற்றொன்றைச் சாதாரணத் தொலைபேசித் தடத்தில் மோடம் மூலம் அழைத்து, அதுவரை சேர்ந்திருந்த மடல்களைத் தள்ளிவிட்டு, தனக்கு வந்தவற்றை எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். ஊருக்குத் தபால் பை வந்து இறங்கி, போக வேண்டிய பை ஏறிச் செல்வதைப் போன்ற ஏற்பாடு இது. அடுத்த கட்டம் குத்தகைத் தடம், அதாவது தொலைத்தொடர்புத் துறையிடம் வாடகைக்குப் பெற்று இரண்டு இடங்களுக்கு நடுவே இரவும் பகலும் திறந்து வைக்கப்படும் தனித்தடம். 1990 முதல் அத்தகைய தடங்கள் நிறுவப்பட்டன. 1992க்குள் எட்டு அமைப்புகளும் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் இணைந்தன. அதே ஆண்டில் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு 64 கிலோபிட் வேகமுள்ள வெளிநாட்டு வாயில் திறக்கப்பட்டது. 9.6 கிலோபிட் என்பது நொடிக்கு 1,200 எழுத்துகள். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று, சுமார் ஒரு மெகாபைட் அளவுள்ளதாக வைத்துக்கொண்டால், வேறு எவரும் அத்தடத்தைத் தொடாதிருந்தாலும் வந்து சேர ஏறத்தாழ 14 நிமிடம் பிடித்திருக்கும். அந்த ஒரு தடத்தையே ஒரு வளாகம் முழுவதும் பகிர்ந்துகொண்டது.

தடத்துக்கு நிகராக முகவரியும் வேண்டும். இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. எண் என்னும் தனி எண் தேவை; 1990இல் பம்பாய் மையத்துக்கு 144.16 என்று தொடங்கும் 65,536 எண்கள் கொண்ட தொகுதி கிடைத்தது. அந்தத் தொகுதியே பிற பங்காளி நிறுவனங்களுக்கும் பகுத்துக் கொடுக்கப்பட்டது. ‘.இன்’ என்னும் நாட்டுப் பெயரும் 1989 முதல் அதே மையத்தின் பொறுப்பில் இருந்தது. பாதை, எண், பெயர் ஆகிய மூன்றும் கல்வியாளர்களின் கையிலேயே இருந்த காலம் அது. அந்த மையத்தை வழிநடத்திய சீனிவாசன் ரமணி 2014இல் இணையத்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது தகுதியான மரியாதை. ஆனால் அவ்வலையின் எட்டு கண்ணிகளிலும் இரவு பகலாக மோடங்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் அந்த மரியாதையில் பங்கு உண்டு.

இந்தத் தேடலில் நின்று பார்க்க வேண்டிய இடம் தரமணி. ‘மேட்சயின்ஸ்’ என்று சென்னையில் அழைக்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தின் வேர் மயிலாப்பூரில் இருக்கிறது. வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் ‘ஏகாம்ர நிவாஸ்’ இல்லத்தில் அவருடைய மகனான இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய கருத்தரங்குகளுக்கு, 1960இல் நீல்ஸ் போர் போன்றோர் நேரில் வந்து சென்றதன் விளைவாக, 1962 ஜனவரி 3 அன்று அந்நிறுவனம் பிறந்தது. உலகின் புதிய இயற்பியலைச் சென்னைக்கு வரவழைப்பதே அதன் பிறவி நோக்கம். வீட்டுக் கூடத்தில் விருந்தினர் வழியாக நிறைவேறிய அந்நோக்கம் முப்பது ஆண்டுகள் கழித்து மின்னஞ்சல் வழியாக நிறைவேறியது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் ‘ஆர்க்கைவ்’ என்னும் முன்வரைவுக் களஞ்சியத்தைத் தொடங்கினார். முன்வரைவு என்பது இதழில் அச்சேறும் முன்பே ஆய்வாளர்கள் தமக்குள் சுற்றுக்கு விடும் கட்டுரை. முன்னர் இது அஞ்சலில் வந்துகொண்டிருந்ததால், வெளிநாட்டுச் சகாக்கள் விவாதித்து முடித்த பின்னரே பெரும்பாலும் இந்தியாவுக்குக் கிட்டியது. ஆர்க்கைவ் தொடக்கத்தில் மின்னஞ்சல் வழியாகவே இயங்கியது: கட்டுரையின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மடல் அனுப்பினால் கட்டுரையே பதில் மடலாக வந்து சேரும். ஆகவே மெதுவான எர்னெட் தடமும் அதற்குப் போதுமானதாயிற்று. தரமணியில் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவரும் பிரின்ஸ்டனில் இருந்தவரும் ஒரே வாரத்தில் ஒரே கட்டுரையைப் படிக்கும் நிலை வந்தது இதனால்தான்.

பின்னர் அந்நிறுவனமே ஆர்க்கைவின் இந்தியப் பிரதித்தளத்தைத் தன்னிடம் வைத்து நடத்தியது. பிரதித்தளம் என்பது வெளிநாட்டுத் தளம் ஒன்றின் முழு நகலை உள்நாட்டுக் கணினியில் வைத்து, நாள்தோறும் புதியவற்றை மட்டும் ஒருமுறை இறக்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு அங்கிருந்தே வழங்கும் முறை. ஒரே கட்டுரையை நூறு பேர் கடல் கடந்து நூறு முறை இழுக்காமல், ஒருமுறை இழுத்து நூறு பேருக்குக் கொடுக்கும் சிக்கனம் அதில் உண்டு. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு ஐ.ஐ.டி. வளாகத்திலும் இத்தகைய தளம் இருந்தது. பற்றாக்குறையை எப்படிப் பகிர்ந்து ஆள்வது என்பதில் சென்னை வளாகங்கள் காட்டிய அறிவு, இன்று தாராளமான வேகம் கிடைத்துள்ள காலத்திலும் மறக்கத் தக்கதன்று.

தியாகராய நகர் முகவரிக்கு வேறு சிறப்பு உண்டு. சி.எஸ். சேஷாத்ரி 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ்த் தொடங்கிய சிறிய கணிதப் பள்ளியே பின்னாளில் சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து, 2005இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. கடைவீதிகளுக்கு அருகே, வளாகம் என்று சொல்லிக்கொள்ளும் பரப்பளவு இல்லாத ஒரு கட்டடத்தில் அது இருந்தபோதே எர்னெட் பெயர் அதற்குக் கிடைத்திருந்தது என்பது, நிறுவனத்தின் அளவைப் பாராமல் ஆய்வின் தேவையைப் பார்த்து அவ்வலை விரிந்ததைக் காட்டுகிறது.

அவ்வலைக்குள் வராதவர்களின் முகவரிகளும் சாட்சி சொல்கின்றன. 1990களின் பிற்பாதியில் சென்னைப் பேராசிரியர் பலரின் கட்டுரைகளில் ‘ஜியாஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்னும் நீண்ட முகவரி காணப்படும். ‘ஜியாஸ்’ என்பது விதேஷ் சஞ்சார் நிகம் தன் இணையச் சேவைக்கு இட்ட பெயரின் சுருக்கம், ‘எம்டி’ என்பது மெட்ராஸ். நிறுவனத்தின் பெயருக்கு இடமில்லாத அந்த முகவரி, பல்கலைக்கழகம் அமைத்துத் தராத வசதியை வெளியிலிருந்து சந்தாவாக வாங்கிக்கொண்டதன் அடையாளம். ஆய்வு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பதிவாகியிருக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2002இல் எர்னெட்டுடன் சேர்ந்து ‘யுஜிசி-இன்ஃபோநெட்’ திட்டத்தைத் தொடங்கிய பின்னரே அந்த இடைவெளி குறையத் தொடங்கியது.

பெரிய மாற்றம் தேசிய அறிவு வலையமைப்பால் வந்தது. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது முன்னின்று உருவாக்கிய திட்டம் இது; ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் எஸ்.வி. ராகவனுக்கு இதன் தொழில்நுட்ப வடிவமைப்பில் முக்கியப் பங்கு உண்டு. 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இதற்கு ரூ. 5,990 கோடி ஒதுக்கியது. நடத்தும் பொறுப்பு தேசிய தகவலியல் மையத்துடையது. அதன் தமிழ்நாட்டுத் தலைமையிடம் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கிறது. இவ்வலையமைப்பு வழங்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் என்னும் இணைப்பு, பழைய 9.6 கிலோபிட் தடத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம்.

வாசல்வரை வந்த இணைப்பை வளாகத்துக்குள் ஆள்வது தனிக்கலை. ஃபைபர் முதலில் சர்வர் அறையிலுள்ள ரவுட்டரில் முடியும். எந்தத் தரவு எந்த வழியில் செல்ல வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. அதற்கு அடுத்து ஃபயர்வால் நின்று, உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் விதிகளின்படி சோதிக்கும். விடுதி, துறை, நூலகம் எனப் பிரியும் ஸ்விட்சுகள் அதற்கும் உள்ளே. ஆசியப் பகுதிக்கான பழைய வகை ஐ.பி. எண்களின் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டதால், வளாகத்துக்குள் உள்எண்களை வழங்கி, வெளியே செல்லும்போது சில பொது எண்களுக்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்தும் மாற்றுமுறை கையாளப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே எண்ணில் வெளியே தெரிவதால், யார் எப்போது நுழைந்தார் என்பதற்கு லாகின் பதிவு இன்றியமையாதது. மாணவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றும் அந்தக் கடவுச்சொல் பக்கத்தின் காரணம் இதுவே. நூலகம் சந்தா கட்டும் மின்னிதழ்களும் பெரும்பாலும் இந்தப் பொது எண்களைக் கண்டே கதவைத் திறக்கின்றன. எண் பட்டியலில் ஒரு வரி தவறினால், பணம் கட்டிய இதழும் படிக்கக் கிடைக்காது.

ஒரே வழியை நம்பியிருக்கும் வளாகம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும் பொக்லைன் ஒன்றின் தயவில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஐ.ஐ.டி. வளாகத்துக்குச் சர்தார் படேல் சாலை வழியாக ஒரு ஃபைபரும் தரமணிப் பக்கமாக மற்றொன்றும் வெவ்வேறு குழிகளில் வருமானால், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கிய இரு இணைப்புகளும் ஒரே குழாயில் வந்தால் இரண்டுக்குக் கட்டிய பணமும் வீண். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு நகரின் தொலைத்தொடர்பு நிலைகுலைந்தபோது, வரைபடத்தில் இரண்டாகத் தெரிவது தரையிலும் இரண்டுதானா என்று கேட்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் புரிந்தது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் ஏர்டெல் நிறுவனத்தின் கடலடிக் கேபிள் நிலையம் இருக்கிறது. 2002இல் சிங்கப்பூர்வரை சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ‘ஐடூஐ’ கேபிள் சென்னையைக் கடல்வழியே நேரடியாக உலகுடன் இணைத்தது. உலகுக்கான வாயில் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கிருந்து வகுப்பறைக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரே பல இடங்களில் பலவீனமான கண்ணி.

இந்தப் பலவீனத்தை அதிகம் சுமப்பவை பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகள். 2009இல் தொடங்கிய தேசியக் கல்வித் திட்டம் ஒன்று பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கிகாபிட் இணைப்பைக் குறிவைத்தபோது, கல்லூரிகளுக்கு வகுத்தது தலா 512 கிலோபிட் வேகமுள்ள இருபது தடங்களை மட்டுமே. பட்டப்படிப்பு மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது கல்லூரிகளில்தான் என்பதை நினைத்தால், அந்த விகிதம் நியாயமானதன்று. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், முப்பது பதிப்பகங்களின் ஆய்விதழ்களை மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி செலவில் 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. இதழ்கள் வந்துவிட்டன, அவற்றைத் திறக்கும் வளாக வலையை அறிந்து பராமரிக்கும் முழுநேரப் பொறியாளர், நூலகருக்கு நிகரான நிலையான பதவியில், ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டும்.

எர்னெட்டின் சென்னைக் கண்ணியில் பணியாற்றியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். அவர்களுடைய மேசை அறைகளில் தட வரைபடங்களும், மோடம் கையேடுகளும், அச்செடுத்து வைத்த முதல் மடல்களும் இருக்கக்கூடும். கணித அறிவியல் நிறுவனம் இருக்கும் அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. பழைய காகிதங்களை எடைக்குப் போடும் முன், அவற்றை அந்நூலகத்திடமோ தத்தம் வளாக ஆவணக் காப்பகத்திடமோ சேர்ப்பித்து, தம் நினைவுகளையும் நான்கு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்வதே இத்தேடலின் வேண்டுகோள்.