மரத்தூள் வைத்தியம்

மோட்டார் வண்டியின் உறுப்புகள் பலவற்றுக்கு முன்னறிவிப்பு என்ற நாகரிகமே கிடையாது. பாட்டரி நேற்று ராத்திரி வரை ஒழுங்காக இருந்துவிட்டு, காலையில் முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கையை விரிக்கும். டயரோ பனகல் பார்க் முனையில் நூறு பேர் பார்க்கப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடும். கியர் பெட்டி அப்படி அல்ல. அது கெடுவதற்கு மாதக் கணக்கில் அவகாசம் எடுத்துக்கொள்கிறது. முதலில் முனகுகிறது, பிறகு கரகரக்கிறது, கூட்டுக் குடும்பத்துப் பெரியவரைப் போலத் தன் அதிருப்தியைப் படிப்படியாகத் தெரிவித்த பிறகுதான் ஒத்துழைக்க மறுக்கிறது. ஆகவே கியர் பெட்டி விஷயத்தில் "எனக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி. இன்றைய இளைஞர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்திலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியார் அதைச் செய்தார்கள். கல்கத்தாவுக்கு அம்பாஸடர், பம்பாய்க்கு பியட், சென்னைக்கு ஹெரால்டு என்று ஊருக்கு ஒரு வண்டியாக இருந்த காலம் அது. 948 ஸி.ஸி. இன்ஜின். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளை மனத்தில் வைத்துத்தான் அந்த இத்தாலியர் வரைந்தாரோ என்று என் தகப்பனார் சொல்வார். தொழிற்சாலை 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. வண்டி மட்டும் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தகப்பனார் அதை 1974-இல் இரண்டாவது கையாக வாங்கினார். அன்று முதல் இடது பக்கத்து முன் ஸீட் அம்மாவினுடையது. அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் நாற்பத்தெட்டு வருஷம் அந்த ஸீட்டில் உட்கார்ந்து, முதலில் கணவன் ஓட்டுவதையும் பிறகு பிள்ளை ஓட்டுவதையும் கேட்டு வந்தவள். 'கேட்டு' என்ற வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2022-இல் ஒரு நாள் திருவல்லிக்கேணியில் சித்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று, "ஏண்டா, வண்டி முனகறதே, உனக்குக் கேக்கலையா?" என்றாள்.

"பழைய வண்டி அம்மா. சத்தம் இருக்கத்தான் இருக்கும்."

"சத்தம் வேற, முனகல் வேற. கச்சேரி ரோடெல்லாம் முனகிண்டே வந்தது. பீச் ரோடு வந்து நீ கடைசி கியரைப் போட்டதும் வாயை மூடிண்டுடுத்து. பாரேன், திருவல்லிக்கேணிக்குத் திரும்பினதும் மறுபடியும் ஆரம்பிக்கும்."

ஆரம்பித்தது.

கார் கெட்டுவிட்டது என்றால் மயிலாப்பூரில் யோசனைக்குப் பஞ்சமில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றார் எதிர்வீட்டு ஓய்வு பெற்ற அதிகாரி. ஆயில் குறைந்திருக்கும் என்றார் காய்கறிக்காரர். இவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டு, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் வயோதிக மெக்கானிக் ஒருவரிடம் போனேன். சிறு பையனாகத் தொழிலுக்கு வந்த நாளிலேயே ஹெரால்டு வண்டிகளைக் கழற்றிப் பூட்டியவர் அவர். அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அம்மா சொன்னதுதான் சார் ரிப்போர்ட்டு. நான் தனியா பாக்கவே வேணாம்" என்றார் பெரியவர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கியர் பெட்டிக்குள் ஒரு முக்கியத் தண்டும் அதற்கு இணையாக ஒரு துணைத் தண்டும் இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய கியர்களில் இன்ஜினுடைய பலம் துணைத் தண்டின் பற்சக்கரங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. நாலாவது கியரில் மட்டும் நேர் வழி. துணைத் தண்டு சும்மா சுழலும், சுமை தூக்காது. ஆகவே மூன்று கியர்களில் முனகி நாலாவதில் மௌனமாகிவிடும் வண்டிக்கு வியாதி துணைத் தண்டிலும் அதைத் தாங்கும் பேரிங்குகளிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தரம்கூட வண்டி ஓட்டாத அம்மா, காதாலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்!

கரகரப்பு வேறு விஷயம். சுழல்கிற இரண்டு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் இருக்கும்போது ஒன்றோடொன்று கோத்தால் பல்லோடு பல் மோதும். மோதாமல் முன்கூட்டியே இரண்டையும் சம வேகத்துக்குக் கொண்டுவரப் பித்தளை வளையம் ஒன்று உண்டு. சிங்க்ரோமெஷ் என்ற இந்த ஏற்பாடு 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் வண்டிகளில் முதலில் வந்தது. ஹெரால்டில் மேல் மூன்று கியர்களுக்கு இது உண்டு. முதல் கியருக்கு இல்லை. வளையம் தேய்ந்துவிட்டால் அதன் வேலையை டிரைவரே செய்ய வேண்டும்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். இறங்கு கியராக இருந்தால் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தவும் வேண்டும். பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்பார்கள். மெட்ரோ ரயிலுக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருந்த அந்த நாட்களில், நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாவது கியரை டபுள் கிளட்ச் செய்து என் இடது கால் கணுவரை வீங்கியது.

இதற்குமேல் ஒன்று நடந்தது. அடையாற்றுக்குப் போகும்போது திரு.வி.க. பாலத்துச் சரிவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மூன்றாவது கியரில் இருந்த கம்பி, யாரோ தட்டிவிட்டது போலத் தானாகவே நியூட்ரலுக்குக் குதித்தது. கியரைப் பிடித்துவைக்கும் குண்டுகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, உள்ளே தேய்மானமும் சேர்ந்திருக்கிறது என்றார் பெரியவர். செய்தவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை; அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த இரும்பு தேயாமல் என்ன செய்யும்?

வீட்டில் ஆலோசனை நடந்தது. வண்டியை நிறுத்த இடமில்லை. தாழ்ந்த ஸீட்டில் இறங்கி உட்கார அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "எனக்கு முட்டி, அதுக்கு கியர். ரெண்டு பேருக்கும் வயசாயிடுத்து. யாராவது நல்லவனாப் பாத்துக் குடுத்துடு" என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தியாகராய நகரில் பழைய வண்டித் தரகர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்தார். "ரிப்பேரெல்லாம் எதுக்கு சார் வீண் செலவு? கெட்டி ஆயிலா ஊத்தி, கொஞ்சம் மரத்தூள் கலந்துடலாம். ஒரு மாசத்துக்குப் பூனைக்குட்டி மாதிரி ஓடும். ஒரு மாசம் நமக்குப் போதாதா?"

மரத்தூள் வைத்தியம் தியாகராய நகரில் கண்டுபிடித்தது அல்ல. உலகமெங்கும் பழைய கார் வியாபாரத்தில் அடிபடுகிற பழங்கதைதான். ரோல்ட் டால் 1988-இல் எழுதிய 'மெட்டில்டா' என்ற குழந்தைகள் நாவலில் அந்தச் சிறுமியின் தகப்பனார் இதைத்தான் செய்கிறார். செய்ததைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறார். தூள், பற்களுக்கு நடுவில் மெத்தை போட்டுச் சத்தத்தை அமுக்கும். தேய்மானத்தை நிறுத்தாது. ஆயில் போகவேண்டிய இடத்தை அடைத்து அதிகப்படுத்தும்.

தரகர் அழைத்து வந்தவர் அடையாற்றில் வசிக்கும் ஓர் இளைஞர். புதிதாகக் கல்யாணமானவர். தாத்தா வைத்திருந்த ஹெரால்டைப் படத்தில் மட்டும் பார்த்தவராம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன் மூக்கு முழுவதையும் தூக்கித் திறந்து காட்டியபோது குழந்தையைப் போலச் சிரித்தார். கேட்ட விலைக்குச் சம்மதித்தார். பிறகு, "முதல் பிரயாணம் ஏற்காடு சார். அடுத்த மாசமே" என்றார்.

வாசகர்களில் ஏற்காடு போனவர்கள் இருப்பார்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள். ஏறுவது பெரிதல்ல. இறங்கும்போது வண்டியை அடக்கி வைப்பது பிரேக் மட்டுமல்ல, கீழ்க் கியரும்தான். கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால், பாரம் முழுவதும் அந்தக் காலத்து டிரம் பிரேக்கின் தலையில் விழும். டிரம் சூடேறினால் பிடி தளரும். மரத்தூள் முனகலைத்தான் அடக்கும், குதிப்பதை அடக்காது. முனகல் கேட்டாலாவது ஒரு மனிதன் சந்தேகப்படுவான். அந்தச் சந்தேகத்தையும் அவனிடமிருந்து பறித்துக்கொண்டு மலைக்கு அனுப்புவதற்குத்தான் ஒரு பிடி மரத்தூள்.

தரகரின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தரகர் நன்றிகூடச் சொல்லவில்லை.

பெட்டியைத் திறப்பது என்று முடிவாயிற்று. ஹெரால்டில் ஒரு விசேஷம்: கியர் பெட்டியை வண்டிக்கு உள்ளிருந்தே எடுக்கலாம். முன் ஸீட்டுகளைக் கழற்றி, நடுவில் உள்ள மூடியை அகற்றி, கோயில் கருவறையிலிருந்து உற்சவரை எழுந்தருளப் பண்ணுவது போல இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பேரிங்குகள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கிடைத்தன. "பேரிங்குக்கு நம்பர் இருக்கு சார். கம்பெனி போனாலும் நம்பர் போவாது" என்றார் பெரியவர். துணைத் தண்டும் பித்தளை வளையங்களும் புதுப்பேட்டையில், என்றோ உடைத்துப் போட்ட இன்னொரு ஹெரால்டின் பெட்டியிலிருந்து வந்தன. ஆயில் மட்டும் அவர் சொன்னதைத்தான் வாங்க வேண்டும் என்றார்: ஜி.எல். 4. அதைவிட உயர்ந்தது என்று கடைக்காரர் நீட்டும் ஜி.எல். 5-இல் கலந்திருக்கும் கந்தக மருந்துச் சரக்கு பித்தளையை அரிக்கக்கூடும். விலை கூடியதெல்லாம் மேலானது அல்ல என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

பதினொரு நாள் வேலை. மொத்தச் செலவு 19,000 ரூபாய்ச் சொச்சம்.

மூன்றாம் மாதம் அந்த இளைஞரே டெலிபோன் செய்தார். "கியர் பெட்டியைப் பார்த்தாச்சா சார்?" என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். மறுநாள் மனைவியோடு வந்தார். செலவை அவரே விலையில் சேர்த்துக்கொண்டார், நான் கேட்கவில்லை. ஆனால் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்: பரீட்சைக்கு ஓட்டும்போது தான் முன் ஸீட்டில் உட்கார வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். கச்சேரி ரோடு, சாந்தோம், அப்புறம் திரும்பித் திரு.வி.க. பாலம். பாலத்துச் சரிவில் இளைஞர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியர் அசையவில்லை. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சரியாயிருக்கு. முனகினா உடனே பாரு. ரேடியோவைப் பெரிசா வச்சுக்காதே" என்று அவரிடம் சொன்னாள். வண்டியை ஒப்புக்கொடுத்தது அவ்வளவுதான்.

மரத்தூள் வைத்தியம் மோட்டார்களுக்கு மட்டும் நடப்பதில்லை. சுவரில் விரிசலை மறைத்து வெள்ளையடித்து வீட்டை விற்கிறவர்கள் உண்டு. பையனுடைய வியாதியை மறைத்துக் கல்யாணத்தை முடிக்கிறவர்களும் உண்டு. எல்லாரும் சொல்வது தரகர் சொன்னதைத்தான்: ஒரு மாசம் நமக்குப் போதாதா? பெட்டியைத் திறந்ததற்கான செலவு என் டைரியில் காசு சுத்தமாக எழுதியிருக்கிறது. திறக்காமல் விற்றிருந்தால் அதற்கான செலவு என் டைரியில் ஏறியிருக்காது. ஏற்காட்டு மலையின் ஏதோ ஒரு வளைவில், புதிதாகக் கல்யாணமான இரண்டு பேருடைய கணக்கில் ஏறியிருக்கும்.