நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு

மூதூர்.

அன்பு மகளுக்கு,

லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில்தான் உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா சுகமாக இருக்கிறா. நீ எழுதினதை அந்தோனியார் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டா.

“நித்திய வார்த்தைப்பாடும் முடிந்தது பெரியம்மா, இனிப் படிப்பிக்கிற வேலைதான்” என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வசனத்துக்குத்தான் இந்தப் பதில்.

நவசந்நியாசத்துக்குக் குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 3 வருடம் என்று திருச்சபைச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிந்தின உருவாக்கத்துக்குக் கணக்கே இல்லை. வாழ்நாள் முழுவதும் என்றுதான் 661ஆம் சட்டம் சொல்கிறது. இதுவரை உன்னைக் கவனிக்க ஒரு மதர் இருந்தா. இனி உன் செபம் வற்றிப் போனாலும் பாடசாலையில் ஒருவருக்கும் தெரியாது. சோதனை முடிவு நல்லாய் வந்தால் பாராட்டத்தான் செய்வார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1996இல் துறவிகளுக்கு எழுதின ஊக்கவுரையை மறுபடியும் எடுத்து வாசி. பிறர் நடத்தின வாழ்க்கையிலிருந்து முழுப்பொறுப்புக்கு மாறுகிற முதல் வருடங்களே கடினம் என்கிறார். பிறகு பழக்கத்தில் மரத்துப்போகிற நடுவயது, தனக்குள் தானே சுருங்குகிற வயது, கடைசியில் சாவும்கூட உருவாக்கத்தின் பகுதி. எனக்கு இப்போது அந்தக் கடைசி வரிகள்தான் அதிகம் விளங்குகின்றன.

எங்கள் சபையைத் தொடங்கின மதர் வெரோனிக்காவைப் பார். 1823இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அங்கிலிக்கன் போதகர் வீட்டில் பிறந்து, கத்தோலிக்கராகி, ஒரு சபையில் கன்னியராயிருந்து, பிறகு கார்மேலுக்குப் போனா. 1868இல் எங்கள் சபையைத் தொடங்கும்போது வயது 44. 1870இல் சகோதரிகளை மங்களூருக்கு அனுப்பினவ, தான் திரும்பவும் அடைப்புள்ள கார்மேல் மடத்துக்கே போய், 1906இல் அங்கேயே கண்மூடினா. சபையைத் தொடங்கினவவுக்கே முடிவடையாத படிப்பு இது, மகள்.

செபத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது நீ சின்னப்பிள்ளை. முகாமில் தண்ணீருக்கு அவ்வளவு கஷ்டம். அங்கே ஒரு வயதான முஸ்லிம் உம்மா, முதல்நாள் இரவே ஒரு செம்பு தண்ணீரை ஒளு எடுக்க ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பா. சுபஹுத் தொழுகைக்கு அவவை ஒருவரும் எழுப்பத் தேவையில்லை. நான் செய்த எந்தத் தியானத்திலும் செப ஒழுக்கத்தை இவ்வளவு வடிவாக ஒருவரும் எனக்குக் காட்டித் தரவில்லை.

கருத்தரங்குகளுக்குப் போ, நல்லதுதான். ஆனால் சான்றிதழ் தருகிற எல்லாம் உருவாக்கம் ஆகாது. இரவில் பத்து நிமிடம் ஆன்மசோதனை, உன்னை அறிந்த ஒரு ஆன்மகுரு, உன்னோடு ஒத்துப்போகாத சகோதரியோடு ஒரே மேசையில் சாப்பாடு — இவற்றை விடாதே. சபைத் தலைவிகளுக்கும் சொல்வேன்: இளம் சகோதரிகளின் தலையில் விடுதி, பாடசாலை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

வருடாந்தத் தியானத்துக்கு இப்போதே நாள் கேட்டுவிடு. சோதனைக் காலம் என்று தள்ளிப்போடச் சொன்னால் தாழ்மையாகத் திரும்பவும் கேள். திகதி கிடைத்ததும் எழுது. அந்த நாட்களில் காலைப் பூசையில் உன்னை ஒப்புக்கொடுப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா