குனிந்த கழுத்தை நிமிர்த்தாதீர்கள்!

"என்னக்கா, கூப்பிட்டா உங்க வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரே?" என்று மணிமங்கலத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பதுண்டு. கர்வமெல்லாம் இல்லை. அவர் கழுத்து திரும்பாது. ஆளே திரும்பினால்தான் உண்டு.

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்தைந்து வயதிலேயே, விடிகாலையில் இடுப்பு மரக்கட்டையாக இறுகிக்கொள்ளும். நடமாடினால் தளரும். 'ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்றார் டாக்டர். வருஷங்கள் ஓட, முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல ஆயின. தலையும் முன்னால் குனிந்துவிட்டது. "பார்க்கத்தான் மூங்கில், விழுந்தால் சாக்பீஸ் மாதிரி உடையும். ஜாக்கிரதை" என்று டாக்டர் சொன்னது என் மனதில் பதிந்திருந்தது.

சென்ற ஐப்பசி மழையில் புழக்கடையில் வழுக்கி விழுந்தார். சின்ன விழுகைதான். "கழுத்து வலிக்குது" என்றார்.

"சுளுக்குதாம்மா, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை, யாரும் கழுத்தைத் தொடாதீங்க!" என்று சொல்லி 108-க்கு போன் செய்தேன். மல்லாந்தால் அவர் தலை தரையைத் தொடாது. அந்த இடைவெளியில் தலையணையும் மடித்த போர்வையும் வைத்தேன். ஆம்புலன்ஸ் தம்பி கழுத்துப் பட்டையோடு வந்ததும், "அவர் தலை எப்பவுமே குனிஞ்சுதான் இருக்கும் தம்பி, நிமிர்த்தாதீங்க" என்றேன். அப்படியே அணைகட்டிக் கொண்டுபோனார்கள்.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. கழுத்தின் அடிப்பகுதியைத் தோள் மறைத்துவிடுமாம். நோயைச் சொன்னதும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், முறிவு தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு இடத்தில் முறிவதும் உண்டென்று முதுகு முழுவதும் பார்த்தார்கள். பின்கழுத்தில் கம்பியும் திருகாணியும் வைத்து ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து டாக்டரிடமும் முன்கூட்டியே நோயைச் சொல்லவேண்டும். கழுத்து வளையாததால் சுவாசக்குழாய் செருகுவது சிரமம். இன்று அவர் தானே நடக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால் இவற்றை மறவாதீர்கள்:

* விழுந்தபின் புதிதாகக் கழுத்து வலித்தால், ஸ்கேன் பார்க்கும்வரை முறிவென்றே எண்ணுங்கள்.

* கழுத்து பழைய நிலையில் எப்படி இருந்ததோ, அப்படியே தாங்குங்கள். பலவந்தமாக நிமிர்த்தினால் தண்டுவடம் நசுங்கிக் கைகால் விழுந்துவிடலாம்.

* மரமரப்பு, கைகால் பலவீனம், சிறுநீர் பிரியாமை ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். தாமதம் கூடாது.

* சலூனில் கழுத்துச் சொடக்கு எடுப்பது, சுளுக்கு எடுப்பது அறவே வேண்டாம்.

* குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் விளக்கு அவசியம்.

* நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.