சீசன் சென்னையில் ஒரு நண்பர் குழு

சென்னையின் மார்கழி சீசன் டிசம்பர் முதல் வாரத்தில் மெல்லத் தொடங்கி, 15ஆம் தேதி வாக்கில் சூடுபிடித்து, பொங்கலோடு அடங்குகிறது. இசை விழா என்றுதான் ஊரில் பெயர். ஆனால் அந்த ஐந்தாறு வாரத்துக்குள் உலகத் திரைப்பட விழா, நாட்டிய விழாக்கள், ஓவியக் கூடங்கள், சபா சாப்பாடு, முடிவில் புத்தகக் காட்சி என்று எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. கச்சேரிக்குத் தனியாகப் போவதையே விரும்புகிறவர்கள் உண்டு. அதில் ஒரு நிம்மதியும் உண்டு. மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து சுற்றும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. யாருக்கு எது பிடிக்கும், யார் எதை விட்டுக்கொடுப்பார், எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்பவையும் விழாவின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன.

இவ்வளவும் டிசம்பரில் வந்து குவிந்ததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அங்கே எடுத்த முடிவின்படி உருவானது மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் காங்கிரஸ் மாநாடுகள் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில்தான் கூடின. வக்கீல்களும் பேராசிரியர்களும் நிறைந்த இயக்கத்துக்குக் கோர்ட்டும் கல்லூரியும் மூடியிருக்கும் அந்த வாரம் வசதியானது. அந்த விடுமுறைக் கணக்கு சங்கீதத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அரையாண்டுத் தேர்வு விடுமுறை, அலுவலகங்களில் மிச்சம் கிடக்கும் லீவு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கிறிஸ்துமஸ் விடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பள்ளி நாட்களில் பிரிந்துபோன நண்பர்கள் மீண்டும் ஒரே ஊரில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான்.

அகாடமிக்கு முன்னும் சபாக்கள் இருந்தன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தோன்றியது. அதற்கும் முந்தையது மார்கழி விடியற்காலை பஜனை. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு வலம்வந்த நினைவு இன்னும் அந்தத் தெருக்களில் பேசப்படுகிறது. மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் போதவில்லை என்ற குறையிலிருந்து 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் அது தன் விழாவைத் தனியாக நடத்திவருகிறது. மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர் என்ற முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிவருகிறவர்கள் அந்தப் பக்கம் போவது குறைவு. ஒருமுறையாவது போய்வருவது நல்லது. கூட்டம் வேறு, பாட்டுப் பட்டியல் வேறு.

குழுவுக்கு முதல் வேலை அட்டவணையைப் படிப்பது. அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் லெக்டெம் எனப்படும் செயல்விளக்க உரை. பிற சபாக்களில் காலையும் பகலும் இளம் கலைஞர்கள். நான்கு மணிக்குச் சற்றுப் பெயர் தெரிந்தவர்கள். ஆறரை, ஏழு மணிக்கு நட்சத்திரங்கள். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகல் கச்சேரி பெரும்பாலும் இலவசம். எல்லாரும் மாலையைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்கத் தகுந்தது பல நேரம் மத்தியானம்தான். பாதி காலியான அரங்கில், முதல் வரிசையில் குருவும் பெற்றோரும் உட்கார்ந்திருக்க, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தோடி ராகத்தை எடுத்து முழுதாகப் பாடி முடிக்கும்போது அதில் இருக்கும் துணிவு, முப்பது வருடம் மேடையேறியவர்களிடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதே ஆண்டு அதே பெண்ணை நான்கு சபாக்களில் தொடர்ந்து கேட்கும் ரசிகர்களும் உண்டு. எந்த நாளில் குரல் தேறியது என்று அவர்களுக்குத் தெரியும்.

மாலையில் சிக்கல் வருகிறது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் மூன்று பெரிய பெயர்கள். குழுவாக ஓட்டுப் போட்டு முடிவெடுத்தால் எல்லாருக்கும் இரண்டாவதாகப் பிடித்ததுதான் வாய்க்கும். பிரிந்துபோவதே அனுபவப்பட்டவர்களின் வழி. ஒருவர் நாரத கான சபாவுக்கு, இருவர் அதே டி.டி.கே. சாலையில் உள்ள அகாடமிக்கு, இன்னொருவர் மகாராஜபுரம் சந்தானம் சாலையில் உள்ள கிருஷ்ண கான சபாவுக்கு. கச்சேரி முடிந்ததும் ஓரிடத்தில் கூடிக் கேட்டதைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். நட்பு வளர்வது அந்தக் கூடுகையில். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதில் அதற்கு வேலை குறைவு.

கச்சேரியின் வரிசை தெரிந்திருந்தால் எப்போது உள்ளே போவது, எப்போது எழுவது என்று தீர்மானிப்பது எளிது. வர்ணத்தில் தொடங்கி, சிறு கிருதிகள் சில, ஒரு சப்-மெயின், பிறகு ராக ஆலாபனையோடு விரியும் மெயின், அதைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள், மங்களம். இன்று வழக்கமாகிவிட்ட இந்த அமைப்புக்கு உருக்கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பது பொதுவான கருத்து. தனி தொடங்கியதும் அரங்கில் பாதி எழுந்து கேன்டீனுக்குப் போவது நெடுநாள் பழக்கம். சபா நகைச்சுவைத் துணுக்குகளில் பாதி அதைப் பற்றியதே. மிருதங்கக்காரருக்கும் கடம், கஞ்சிரா வாசிப்பவர்களுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடந்தான் முழுச் சொந்தம். அந்த நேரத்தில் வடைக்கு எழுந்துபோவது மரியாதைக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. எழ வேண்டியவர் துக்கடாவில் எழலாம்.

ராகம் கண்டுபிடிக்கும் போட்டி நண்பர்களுக்குள் தவிர்க்க முடியாதது. ஆலாபனையின் முதல் சில நொடிகளில் காதோடு காதாகப் பெயர் சொல்லப்படுகிறது. தவறினால் கச்சேரி முடிந்த பிறகும் கேலி. சங்கீதம் தெரியாத நண்பர் ஒருவர் குழுவில் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது. ‘இந்தப் பாட்டு ஏன் அழுகிற மாதிரி இருக்கிறது’ என்று அவர் கேட்கும் கேள்விக்கு, தெரிந்தவர்களிடம் உடனே பதில் இருப்பதில்லை.

கேன்டீனைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் வைப்பதில்லை. கல்யாணச் சமையல் காண்டிராக்டர்களுக்கு அது கை ஓய்ந்த மாதம். ஊரிலேயே தேர்ந்த சமையல் கைகள் அப்போது சபா வாசலில் பந்தல் போட்டு அடுப்பு மூட்டக் கிடைப்பதற்கு இந்த ஓய்வு பெரிய வசதி. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் போன்ற பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு ஈடாகப் பேசப்பட்டவை. பத்திரிகைகள் கச்சேரி விமர்சனத்தோடு கேன்டீன் விமர்சனமும் வெளியிடுகின்றன. சில ஆண்டுகளில் இரண்டாவதுதான் நேர்மையாக எழுதப்பட்டது என்று தோன்றும்.

காலையில் பொங்கல், வடை, கொத்சு. பகலில் இலை போட்டுச் சாப்பாடு. மாலையில் அடை அவியல், ரவா தோசை, கீரை வடை, வாழைப்பூ வடை. இனிப்பில் அசோகா, காசி அல்வா, அக்காரவடிசல். எல்லாவற்றுக்கும் மேலே டிகிரி காபி. நாளுக்கொரு ஸ்பெஷல் என்று கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். அதைப் படித்துவிட்டு எந்தச் சபாவுக்குப் போவது என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாப்பிடக் கச்சேரி டிக்கெட் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதால் அலுவலகம் விட்டு நேரே கேன்டீனுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறவர்களும் பலர். நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு நெருங்கி உட்கார வேண்டியிருக்கும். எதிரே உட்கார்ந்த மாமி, நேற்றைய கல்யாணியில் எங்கே பிசகியது என்று கேட்காமலே சொல்லுவார். அன்று மாலை பாடப்போகிறவரே பக்கத்து மேசையில் கைகழுவிக்கொண்டு எழுந்தாலும் வியப்பதற்கில்லை. சாம்பார் ஆறிவிட்டது, டோக்கன் வரிசை நீளம், போன வருடம் இருந்த கை இந்த வருடம் இல்லை என்ற புலம்பலும் உணவோடு சேர்ந்தே பரிமாறப்படும்.

2020இல் தொற்றின் காரணமாகக் கச்சேரிகள் இணையத்துக்குப் போயின. ஒலிப்பதிவு துல்லியமாக இருந்தது; நல்ல கச்சேரிகளும் பல இருந்தன. ஆனால் பேசிக்கொள்ள இடமில்லை. கேட்டதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பலர் திரையை அணைத்தார்கள். கேன்டீன் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவந்தது என்பது அந்த ஆண்டில்தான் வெளிப்பட்டது.

திரைப்பட விழா வேறு சுபாவம் கொண்டது. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, பெரும்பாலும் டிசம்பர் நடுவில் எட்டு நாள் வருகிறது. சீசன் உச்சத்துக்கு ஏறும் அதே வாரம் என்பதால் குழு இரண்டாக உடைவது இங்கேதான். விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்கு கிடைக்கிறது. பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டுமே காட்டுவது அதற்கான ஏற்பாடு. பாஸ் வாங்கியவர் படத்தை வெட்டில்லாமல் பார்க்கலாம். ஈரானியப் படம், கொரியப் படம், பெயரே கேள்விப்படாத நாட்டின் முதல் படம், தமிழ்ப் படங்களுக்கான போட்டிப் பிரிவு என்று ஒரே நாளில் நான்கு படம்வரை பார்க்க முடியும். பார்க்கலாம் என்பதற்காகப் பார்ப்பது உசிதமல்ல. நான்காவது படத்தில் தூங்கியவர்கள் மறுநாள் அதைப் பற்றி மிகவும் தீவிரமாகப் பேசுவார்கள். இரண்டு படம், நடுவில் டீக்கடையில் ஒரு மணி நேரம் என்பதே தாங்கக்கூடிய அளவு. உதவி இயக்குநர்களும் சினிமா மாணவர்களும் கூடும் அந்த டீக்கடைப் பேச்சு, சபா கேன்டீன் பேச்சைவிடச் சூடானது. விட்டுக்கொடுப்பும் அங்கே குறைவு.

ஓவியத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவது நல்லது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். அந்த ஒரு சிலைக்காகவே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய்த் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கியது. பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே ஓவியர்கள் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் நண்பர்கள் கால்நீட்டி உட்கார்ந்து பேசலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். செவ்வாயன்று மூடியிருக்கும். அதே சாலையில் தொடர்ந்தால் மாமல்லபுரம். சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா அந்த நாட்களில் திறந்தவெளியில் நடக்கிறது. கடல்காற்றில் ஒலிபெருக்கி சில சமயம் திணறும்.

நாட்டியத்துக்குரிய நாட்கள் இசைக்குச் சற்றுப் பின்னே நீள்கின்றன. கிருஷ்ண கான சபாவின் நாட்டியக் கலா மாநாடு 1981 முதல் டிசம்பரில் கூடுகிறது; ஆடுகிறவர்களே விளக்கிப் பேசுவதால் புதியவர்களுக்கு அது நல்ல வாசல். அகாடமி ஜனவரி 1இல் சங்கீத கலாநிதி விருது வழங்கிவிட்டு, சில நாளில் நாட்டிய விழாவைத் தொடங்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பல பாணி அரங்கில் நாட்டிய நாடகம் பார்ப்பது இவை எல்லாவற்றிலும் தனி அனுபவம். கூட்டம் இருந்தும் இரைச்சல் இருக்காது.

சபாக்களில் யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்ற கேள்வியும் இந்த மாதத்தோடு சேர்ந்ததுதான். ஒரு சாதியினரின் வீட்டுவிசேஷம் போல இருக்கிறது என்ற விமர்சனம் புதிதல்ல. 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவில், கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடை ஏறிய விழா தொடங்கியது. 2024இல் அவருக்கே சங்கீத கலாநிதி கிடைத்தபோது எழுந்த சண்டை, கேன்டீன் மேசைகளில் பல நட்புகளைச் சோதித்தது. சபாவுக்குள் முதல்முறை வரும் நண்பருக்கு உடை, பேச்சு, தலையசைப்பு எல்லாம் அந்நியமாக இருக்கலாம். அழைத்துவந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

செலவு, நட்சத்திரக் கச்சேரி டிக்கெட்டையும் ஆட்டோவையும் பொறுத்தது. பகல் கச்சேரிகளும் பேருந்தும் என்று வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக் காசோடு முடிந்துவிடும். மூன்றாம் வாரத்தில் ஒரு சலிப்பு வரும்; எல்லா ஆலாபனையும் ஒன்றுபோல் கேட்கும். அப்போது இரண்டு நாள் வீட்டில் இருப்பதே மருந்து.

ஜனவரியில் காட்சி மாறுகிறது. பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் பறை, கரகம், ஒயிலாட்டத்தைக் கொண்டுவருகிறது. 2007இல் தொடங்கி இடையில் நின்றுபோய், 2023இல் மீண்டும் எழுந்த விழா இது. நுழைவுக் கட்டணம் இல்லை, பக்கத்திலேயே உணவுக் கடைகளும் உண்டு. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். வார நாள் பகலில் போனால் அரங்குகளில் நின்று புரட்டிப் பார்க்கலாம். விடுமுறை நாள் மாலையில் நடக்கத்தான் இடமிருக்கும். நான்கு பேர் சேர்ந்து போனால் ஒரே புத்தகத்தை நான்கு பிரதி வாங்காமல் ஆளுக்கொன்றாக வாங்கி, ஆண்டு முழுதும் மாற்றிக்கொள்ளலாம். திருப்பித் தராதவர் யார் என்பது அடுத்த டிசம்பருக்குள் தெரிந்துவிடும்.