தெப்பம் கட்டுகிறவர்கள்

கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் மதுரைக்கும் ஒரு தீவு உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நடுவே, நாலு பக்கமும் நீர் சூழ நிற்கும் மைய மண்டபம்தான் அது. தைப்பூச நாளில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அதிகாலையிலேயே கோயிலை விட்டுக் கிளம்பி இங்கே வந்துவிடுவார்கள். காலையில் தெப்பத்தில் இரண்டு சுற்று. பிறகு மைய மண்டபத்தில் தங்கல், பூசை. இரவில் பௌர்ணமி நிலவோடு மின்விளக்குகளும் சேர்ந்து ஒளிர இன்னொரு சுற்று. அன்றைக்கு மீனாட்சி கோயிலில் நடை சாத்தியிருக்கும். விவரம் தெரியாமல் வரும் வெளியூர்க்காரர்களிடம், "ஆத்தா தெப்பத்துக்குப் போயிருக்கா, அங்கிட்டுப் போய்ப் பாருங்க" என்று கோயில் வாசல் பூக்காரம்மா சொல்லி அனுப்புவார்.

தெய்வத்தின் அந்த ஒருநாள் நீர்ப்பயணத்துக்காக முன்கூட்டியே உழைக்கத் தொடங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனால் திருவிழாக் கூட்டம் சேருவதற்கு முன்பே கிளம்பினேன். சிம்மக்கல்லில் பழைய சொக்கநாதரைக் கும்பிட்டுவிட்டு, வைகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழவாசல் வழியாகக் காமராசர் சாலையைப் பிடித்தேன். சிம்மக்கல்லை ஒட்டி ஓடும் இந்த வைகையின் தண்ணீர்தான் பனையூர்க் கால்வாய் வழியாகத் தெப்பக்குளத்தை நிறைக்கிறது. ஆற்றைப் பார்த்துவிட்டுக் குளத்துக்குப் போனால்தான் இந்தக் கதை முழுசாகப் புரியும்.

குளம் திருமலை நாயக்கர் 1645இல் அமைத்தது. ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம், தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலம். கருங்கல் சுவர், நான்கு பக்கமும் மும்மூன்றாகப் பன்னிரண்டு படிக்கட்டுகள். நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் ஊரில் சொல்வார்கள். நாயக்கர் பிறந்த நட்சத்திரம் பூசம். தெப்ப நாளும் அதுவே.

படித்துறையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் காலிப் பீப்பாய்கள், இன்னொரு பக்கம் மூங்கில், சவுக்கு, கயிற்றுச் சுருள்கள். அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு பீப்பாயாக அமுக்கிப் பார்த்தார். இரண்டு பேர் ஏறி அழுத்த, அவர் மூடியின் ஓரத்தையே கவனித்தார். ஒரு பீப்பாயில் கடுகளவு குமிழ்கள் வரிசையாக எழுந்தன. உடனே அதை ஒதுக்கச் சொன்னார்.

"ஒத்தப் பீப்பாதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியாது தம்பி. ஒரு மூலையில தண்ணி ஏறுச்சுன்னா பாரம் பூராம் அங்கிட்டு சாஞ்சிரும். மேல இருக்கிறது யாரு?" என்றார்.

அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குப் பின்னால் சுத்தமான கணக்கு இருக்கிறது. இருநூறு லிட்டர் பீப்பாய் முழுக்க முங்கினால் சுமார் இருநூறு கிலோ நீரை விலக்கும். அதன் சொந்த எடை இருபது கிலோ போனால் மீதி நூற்றெண்பது கிலோவைத் தாங்கும். ஆனால் அந்த எல்லை வரை பாரம் ஏற்றக் கூடாது. பீப்பாய் பாதிக்குமேல் முங்காமல் நின்றால்தான் ஆள் நடந்தாலும் காற்று அடித்தாலும் தெப்பம் நிதானமாக நிற்கும். சாமி, பட்டர்கள், மேளக்காரர்கள், விளக்குகள், கழி பிடிப்பவர்கள் என்று அத்தனை எடையையும் மனத்தில் போட்டுத்தான் வரிசை கட்டுகிறார்கள். கனமெல்லாம் அடித்தளத்தில் இருக்கும். மேலே எழும் கோபுரம் மூங்கிலும் துணியும் காகிதமும்தான். உயரத்தில் கனம் ஏறினால் தெப்பம் ஆடும்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது முடிச்சுகளைத்தான். மூங்கிலும் சவுக்கும் குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் நார்க்கயிற்றை எக்ஸ் குறி போல மாறிமாறிச் சுற்றினார் ஓர் இளைஞர். காலை மூங்கிலில் ஊன்றி, உடம்பை மல்லாக்கச் சாய்த்து இழுத்தார். பிறகு இரண்டு கட்டைகளுக்கும் நடுவே கயிற்றைச் செலுத்தி, முதல் சுற்றுகளையே இறுக்கிப் பிடிக்கும்படி மறுபடி சுற்றினார். கம்பி போட்டால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். "கம்பி மூங்கிலை அறுத்துரும்ணே. நைலான் தண்ணியில வழுக்கும். நார்க்கயிறு நனைய நனைய இறுகும்" என்றார். உள்ளங்கை இரண்டிலும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. முடிச்சை அவிழ்ப்பதற்கும் ஒரு வழி வைத்தே கட்டுகிறார்கள். திருவிழா முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டுமே.

தெப்ப நாளுக்கு முன்பே முட்டுத்தள்ளுதல் என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். அடுத்து, பக்கத்தில் இருக்கும் சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா. வயலுக்கும் நீருக்கும் அம்மனுக்கும் உள்ள உறவை மதுரை இப்படித்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது.

கட்டுகிறவர்களின் வேலை முடியும் இடத்தில் இழுக்கிறவர்களின் வேலை தொடங்குகிறது. வடம் பிடிப்பது அனுப்பானடி மக்களின் பரம்பரை உரிமை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கரைச் சுவரில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். கரையிலிருந்து இழுக்கும்போது தெப்பம் முன்னால் மட்டும் போகாது, சுவரை நோக்கியும் வரும். அதைக் கழி ஊன்றித் தள்ளி நிறுத்த வேண்டும். மூலையில் திரும்பும்போது முன்வடத்தைத் தளர்த்தாமல் வெடுக்கென்று இழுத்தால் கோபுரமே ஆடிவிடும். "பலம் வேணும்னு நெனைப்பாக. பலத்தை விட நிதானந்தேன் வேணும்" என்றார் அவர்.

தண்ணீர் இல்லாத ஆண்டுகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. அப்போதெல்லாம் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தெப்பத்தை ஓரிடத்தில் நிறுத்தி, நிலைத்தெப்பமாகவே விழாவை முடித்துவிடுவார்கள். நீர் இல்லாவிட்டால் குமிழ் பார்க்கும் கண்ணுக்கு வேலை இல்லை, கழி பிடிக்கும் கைக்கும் வேலை இல்லை. இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடமோ புத்தகமோ கிடையாது. ஆண்டுக்கொரு முறை அப்பன் செய்யப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்வதுதான். சில ஆண்டுகள் தொடர்ந்து விட்டுப்போனால் ஒரு தலைமுறைக்கே அது கைவராமல் போய்விடும். பனையூர்க் கால்வாயைச் சீரமைத்து மறுபடி வைகை நீரைக் கொண்டுவந்த பிறகுதான் தெப்பம் மிதக்கிறது, படகில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கவும் முடிகிறது.

ஆகவே தெப்பத் திருவிழா பார்க்க மதுரைக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பூசத்துக்குச் சில நாள் முன்னதாகவே வாருங்கள். தெப்பம் கட்டுகிறவர்களைப் பாருங்கள், அவர்களிடம் பேசுங்கள். மதுரைக்காரர்களுக்கு இன்னொன்று: பனையூர்க் கால்வாயில் குப்பை கொட்டாதீர்கள், யாரையும் கொட்டவும் விடாதீர்கள். கால்வாய் அடைபட்டால் குளம் வற்றும். குளம் வற்றினால் இந்தத் தொழிலும் அத்தோடு போய்விடும்.