திருச்சி டு திருவையாறு... வயா கிளீவ்லாந்து!

திருச்சியில் இருந்து திருவையாறு எவ்வளவு தூரம் சொல்லுங்க? தஞ்சாவூர்ல பஸ் மாறிப் போனாலும் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். திருச்சியில் பிறந்து, ஏழு வயசுல இருந்து வயலின் கத்துக்கிட்ட நான், இருபத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு தியாகராஜ ஆராதனைக்குக்கூடப் போனதில்லை. ஜனவரி வந்தா மாடல் எக்ஸாம், கேம்பஸ் இன்டர்வியூனு ஏதாவது ஒரு சாக்கு. கடைசியில் ஒருவழியா போனேன். ஆனா, காவிரிக்கரைக்கு இல்லை... அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிற கிளீவ்லாந்துக்கு!

கதையை தீபாவளியில் இருந்து ஆரம்பிச்சாதான் புரியும்.

2017 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு வந்து இறங்கினேன். பெட்டி முழுக்க பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பிரஷர் குக்கர். கையில் வயலின். தீபாவளி நெருங்கினதும் நம்ம ஊர்க்காரங்க விழா ஒண்ணுல வாசிக்கக் கூப்பிட்டாங்க. அங்கே தீபாவளிக்கு லீவு ஏது? ஏதாவது ஒரு சனிக்கிழமை, ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தை வாடகைக்கு எடுத்துதான் கொண்டாட்டம். எனக்கு ஒதுக்கினது ஏழு நிமிஷம். ரெண்டு சினிமா டான்ஸுக்கு அடுத்து நான்.

'உட்கார்ந்துதான் வாசிக்கணும்'னு சொன்னேன். 'ஓ... சேர் போட்டுடலாமே!'ன்னாங்க. தரையில உட்காரணும்னு புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. மைக் ஸ்டாண்ட் நின்னு பாடுற ஆளுக்கு ஏத்த உயரத்துல இருந்தது, கீழே இறங்கவே இல்லை. மேடைத் தரையில உட்கார்ந்தா மூணாவது வரிசைக்கு அப்புறம் யாருக்கும் நான் தெரியமாட்டேன். போதாக்குறைக்கு அந்த ஊர் ஹீட்டர்! சூடான வறண்ட காத்துல மரம் சுருங்கும். வயலின் பிருடை பிடிப்பு விட்டு நழுவும். சுருதி சேர்த்து வெச்சா ரெண்டே நிமிஷத்துல தந்தி தொங்கிடும். மிருதங்கக்காரங்களுக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்னை. அதே வறட்சியில தோல் இறுகி சுருதி ஏறிக்கும். ஆக, குளிர்காலத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில உட்கார்ந்தா நான் கீழே போயிட்டிருப்பேன், அவர் மேலே போயிட்டிருப்பார்!

ஹம்சத்வனியில் மூணாவது நிமிஷம்... 'ஃபுட் கவுன்ட்டர் ஓப்பன்'னு மைக்ல ஒரு குரல். அவ்ளோதான். நான் முடிக்கும்போது கை தட்டினது என் ரூம்மேட்டும், ஸ்பீக்கர் வயரைச் சுருட்டக் காத்திருந்த பையனும்தான். பசிச்ச குழந்தைகளை வெச்சுக்கிட்டு யார் உட்கார்ந்து கேட்பாங்க? நான் யாரையும் குறை சொல்லலை. ஆனா, அன்னிக்கு ராத்திரி வயலின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினவள், மார்ச் கடைசி வரைக்கும் வெளியே எடுக்கலை.

எடுக்கவெச்சது எங்க லேப்ல பிஎச்.டி. பண்ணிட்டிருந்த விஜயவாடா அக்கா. 'ஈஸ்டர் லீவுக்கு கிளீவ்லாந்து ஆராதனைக்குப் போறேன், வர்றியா?'ன்னு கேட்டாங்க. சுமார் 230 கிலோமீட்டர். பெட்ரோல் காசு பாதி என்னோடது.

காரில்தான் முதல் அதிர்ச்சி. பஞ்சரத்னக் கீர்த்தனைகள் அஞ்சு. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. முதல் பாட்டு சம்ஸ்கிருதம், மத்தது நாலும் தெலுங்கு. சின்ன வயசுல இருந்து மனப்பாடமா வாசிச்சிருக்கேன். அர்த்தம்? 'கௌளையில் என்னதான் சொல்றார்?'னு கேட்டேன். 'ஒரே திட்டு. தான் பண்ணின தப்பையெல்லாம் வரிசையா சொல்லித் தன்னையே திட்டிக்கிறார். ஏன், தெரியாதா?'ன்னு அக்கா திரும்பிப் பார்த்தாங்க. தெரியாது. நான் அதைத்தான் பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டே வாசிச்சு ஸ்கூல்ல கப் வாங்கியிருக்கேன்!

கிளீவ்லாந்து விழா ஆரம்பிச்சது 1978-ல். அந்த ஊர்ல குடியேறின சில பேர் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் கூடிப் பாடினாங்க. அது வளர்ந்து கிளீவ்லாந்து ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு இடம் மாறி, பத்து நாளைத் தாண்டி நடக்கிற திருவிழாவா ஆயிடுச்சு. தியாகராஜர் மறைந்த திதி ஜனவரியில் வரும். அப்போ ஒஹாயோவில் பனி கொட்டும். அதனால ஈஸ்டரையொட்டி வெச்சுட்டாங்க. சென்னையில் இருந்து வர்ற வித்வான்கள் பலரும் இதை முடிச்சுட்டு வாரம் ஒரு ஊர்னு மத்த சபாக்களுக்குக் கிளம்புவாங்க. அவங்க கலைஞர்களுக்கான விசாவில் வர்றவங்க. என்னை மாதிரி எஃப்-1 ஸ்டூடன்ட் எல்லாம் வெளியே வாசிச்சு சம்பளம் வாங்க முடியாது. பூங்கொத்து, சாப்பாடு, ஃபோட்டோ... அவ்ளோதான் பாஸ்!

உள்ளே நுழைஞ்சா... பட்டுப்புடவை, அதுக்கு மேல முட்டி வரைக்கும் ஜாக்கெட், காலில் ஸ்னோ பூட்ஸ். காரிடார் முழுக்க போட்டிக்குக் காத்திருக்கிற பொடிசுகள், பக்கத்தில் அவங்களைவிட டென்ஷனா அப்பா அம்மாக்கள். பல பேருக்கு குரு சென்னையில். இங்கே ராத்திரி எட்டு மணின்னா அங்கே விடியக்காலை ஆறரை. அப்போ ஸ்கைப்பில் சத்தம் தாமதமா போய்ச் சேர்ந்ததால ரெண்டு பேரும் சேர்ந்து தாளம் போடவே முடியலை. குரு பாடி நிறுத்தணும், இவங்க திருப்பிப் பாடணும். அப்படிக் கத்துக்கிட்ட ஒரு பொண்ணு பைரவி வர்ணத்தை ரெண்டு காலத்துல வாசிச்சதைக் கேட்டு கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு. ஒண்ணை மட்டும் சொல்லிடறேன். அமெரிக்கத் தமிழ் இசைன்னா இது மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. ஜூலை 4-ஐ ஒட்டி நடக்கிற பெட்னா விழா மேடையில் பறை அதிரும். இது ஒரு கூட்டம், அது ஒரு கூட்டம்!

பஞ்சரத்னம் ஆரம்பிச்சது. மேடை நிறைய வித்வான்கள், கீழே நாங்க. யாரும் யாருக்கும் கை தட்டலை. எல்லாரும் பாடிட்டு இருக்கும்போது யார் தட்டுறது? எனக்கு நாட்டை ஓகே. கௌளையில் இந்த முறை சிரிப்பு வரலை. வராளியில் மாட்டிக்கிட்டேன். குரு வராளியை சிஷ்யருக்கு நேரடியா சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. எங்க டீச்சரும் அதை மேலோட்டமா ஓட்டிட்டாங்க. நாலாவது சரணத்தில் வார்த்தை காலி. வாயை மட்டும் அசைச்சேன். பக்கத்து சீட்டு சின்னப் பொண்ணு, பன்னிரண்டு வயசு இருக்கும், பார்க்காத மாதிரியே தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினா. முடிஞ்சதும், 'ஆன்ட்டி, யுவர் வயலின்?'னு கேட்டா. ஆன்ட்டியா? சரி, போகட்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்தா நாலு தந்தியும் தொங்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு தன் பெட்டியில் இருந்து மெல்லிசா ஒரு பச்சை ரப்பர் குழாயை எடுத்தா. தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்சு வயலின் துளைக்குள்ள விட்டுட்டா, உள்ளே ஈரம் இருக்கும், மரம் சுருங்காதாம். பிருடைக்குக் கொஞ்சம் சாக்பீஸ் பொடி. 'எவ்ரி வின்டர்'னு தோளைக் குலுக்கினா. நான் பதினஞ்சு வருஷம் கத்துக்கிட்டதில் இது இல்லவே இல்லை. திருச்சியில் இதுக்கு என்ன தேவை?

2018 தீபாவளிக்கும் கூப்பிட்டாங்க. இந்த முறை நான் கொஞ்சம் உஷார். முதல் நிகழ்ச்சியாவே வைக்கச் சொன்னேன். ஜமக்காளம் விரிச்ச சின்ன மேடை, குட்டை மைக் ஸ்டாண்ட், நனைச்ச பச்சைக் குழாய். வாசிக்க நான் மட்டும் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் அஞ்சு பேர், ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட்ல வந்து பழகினவங்க. ஆரபியில் ஒருத்தன் ஒரு ஆவர்த்தனம் முன்னாடியே ஓடிட்டான். காத்திருந்து சேர்த்துக்கிட்டோம்.

பாதியில் சாம்பார் வாசனை வந்துச்சு. பின்வரிசைகள் மெள்ளக் காலியாக ஆரம்பிச்சது. முன்வரிசையில் ஒரு தாத்தாவும் எழுந்தார். போச்சுடான்னு நினைச்சேன். அவர் நேரா மேடைக்குப் பக்கத்தில் வந்து, ஷூவைக் கழட்டி வெச்சுட்டு, ஜமக்காளத்து ஓரமா உட்கார்ந்து தாளம் போட ஆரம்பிச்சார்.