ஏழில் ஒரு பங்கு

சாப்பாட்டு மேசையில் இன்று சாப்பாட்டுக்கு இடமில்லை. இஸ்திரிப் பெட்டி, ஸ்டீல் ஸ்கேல், பிளேடு, ஃபெவிகால் டப்பா, ஒரு தெர்மாகோல் துண்டு, குண்டூசி டப்பி, முகவரி ஒட்டும் ஸ்டிக்கர் தாள்கள். மேசையின் ஓரத்தில் இரண்டு மரப்பாச்சிகள், ராஜாவும் ராணியும், உடுப்பு எதுவும் இல்லாமல், சுவரைப் பார்த்து நிற்கின்றன. யாரோ மரியாதைக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்ககம். நவராத்திரி நெருங்குகிறது. ஆதார் நகல் எடுக்க வந்த என்னை, "கொஞ்சம் உக்காருங்க சார், துணி உள்ள இருக்கு" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு அந்த அம்மாள் பிரிண்டருக்குத் திரும்பிவிட்டார். வீட்டுப் பையனுக்கு அவர் அத்தை. நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன். அரசாங்க அட்டை காத்திருக்க, பொம்மையின் புடவை முந்திக்கொள்கிற வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

துணி மல்மல். முந்தின நாளே ஊறவைத்துக் கடைக் கஞ்சி போக அலசி உலர்த்தியது. கஞ்சி தங்கிவிட்டால் மை நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். அத்தை அதை இஸ்திரி போட்டு, ஸ்டிக்கர் தாளின் முதுகை உரித்து, பசைப் பக்கத்தின்மேல் விரிக்கிறார். விரிப்பது என்று எழுதிவிட்டேன். உண்மையில் துணியின் ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு, மிச்சத்தை ஸ்கேலின் விளிம்பால் தள்ளித் தள்ளிப் படிய வைக்கிறார். நூலோட்டம் தாளின் ஓரத்துக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கரை கோணிக்கொள்ளும், பொம்மையின் மேல் அது இரண்டு மடங்கு கோணலாகத் தெரியும்.

துணி மட்டும் பிரிண்டருக்குள் போகாது. சுருண்டு உருளையில் மாட்டிக்கொள்ளும். முதுகுக்கு விறைப்பாக ஏதாவது வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஃப்ரீசர் பேப்பர் வைத்துக்கொள்கிறார்கள். இறைச்சி சுற்றி வைக்கும் காகிதம் அது, ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பக்கத்தைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். நம் கடைகளில் அது லேசில் கிடைக்காது. ஸ்டிக்கர் தாள் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். லேசர் பிரிண்டரில் இந்த வித்தை வேண்டாம். உள்ளே இருக்கும் சூட்டில் பசை இளகினால் இயந்திரம் பாழ்.

பிளேடால் நான்கு ஓரமும் வெட்டியாயிற்று. வெளியே நீண்டிருந்த ஒற்றை நூலை அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடிப் பிடித்து நறுக்குகிறார். மை தெளிக்கும் தலை துணிக்கு மிக அருகில் ஓடும். ஒரு நூல் தூக்கி நின்றால் போதும், மையை இழுத்துப் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

தாள் பின்பக்கத் தட்டு வழியாக இறங்குகிறது. அத்தையின் இரண்டு கைகளும் அதன் இரு பக்கமும், தொடாமல், கூடவே இறங்குகின்றன.

வெளியே வருவது மதுரைச் சுங்குடி. அரக்கு நிறம், கறுப்புக் கரை. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருக்கும் பாட்டியின் புடவை அது. ஸ்கேனர் கண்ணாடிமேல் மடித்துப் போட்டு, மூடிமேல் டெலிபோன் டைரக்டரி வைத்து அழுத்தி எடுத்த படம். டைரக்டரிக்கு இந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலை கிடைத்தது.

சுங்குடியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டை அச்சில் கொண்டுவர முடியாது. பட்டின் பளபளப்பு நூலில் இருக்கிறது, படத்தில் இல்லை. சுங்குடி பருத்தி. அதோடு, வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் மை போடாமல் விடும், அவ்வளவுதான். சுங்குடிப் புள்ளியும் அப்படித்தான் பிறக்கிறது. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது, அவிழ்த்தால் அங்கே துணியின் சொந்த வெள்ளை. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் விரலால் கட்டிய முடிச்சும், இந்தப் பெட்டி துளியைத் தெளிக்காமல் தாண்டிப்போகும் இடமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

பாட்டி கையை நீட்டி வாங்கிப் பார்க்கிறார்.

"என்னடி, புள்ளி இவ்ளோ பெரிசா இருக்கு? என் புடவையில இப்படியா இருந்தது?"

"அளவுப்படி போட்டா புள்ளியே தெரியலம்மா. எல்லாம் ஈஷிக்கிட்டு வெறும் செவப்பாப் போச்சு."

பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பித் தருகிறார்.

மரப்பாச்சி ஒன்பது அங்குலம். நம்மில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர்ப் புடவை எண்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். நாலங்குலக் கரை ஒன்றரை சென்டிமீட்டராகும். நாலு மில்லிமீட்டர்ப் புள்ளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்குள் ஏழு மைத்துளி அடங்கலாம். காகிதத்தில் அது போதும். துணியில் மை நூல்வழியே ஊர்ந்து, அடுத்த நூலையும் நனைத்துவிடும். ஆகவே அத்தை புள்ளியை இரட்டிப்பாக்கினார், வரிசைகளைக் குறைத்தார். ஸ்கேலை வைத்து அளந்தால் தப்பு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பாட்டியின் புடவை.

படத்தைச் சுருக்கிவிடலாம், கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. துணியைச் சுருக்க முடியாது. நூலின் பருமன் ஏழில் ஒரு பங்காகாது, மடிப்பின் கனமும் ஆகாது. மல்மல்லைக் காட்டிலும் மெல்லிய பருத்தி கடையில் கிடைப்பது அபூர்வம். அதுவே மரப்பாச்சிக்கு, நாம் ஜமுக்காளத்தை எடுத்துக் கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி. முழு நீளத்தையும் சுற்றினால் ராணிக்கு இடுப்பே இருக்காது.

அதனால் அங்கே புடவை என்று ஒன்று கிடையாது. மூன்று துண்டுகள் இருக்கின்றன. இடுப்பைச் சுற்ற ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, மாராப்புக்கும் முந்தானைக்குமாக நீளவாக்கில் ஒன்று. மூன்றும் ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடுகின்றன. உள்ளே மறையும் சுற்று இல்லவே இல்லை. இதை ஏமாற்று என்பவர்கள் சொல்லட்டும். மேடை நாடகத்தில் அரண்மனைக்குப் பின்சுவர் கட்டுவதில்லை.

கொசுவம் வைப்பதுதான் பார்க்க வேண்டியது. கஞ்சியில் நனைத்து மடித்தால் சுலபம், ஆனால் தண்ணீர் பட்டால் அரக்கு ஓடும். அத்தை ஓர் அட்டைப் பட்டையை அளவுகோலாக வைத்து, மடிப்பு மடிப்பாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் வெறும் சூடு வைக்கிறார். உள்பக்கம் பசைக் குச்சியால் ஒரு தீற்று. பிறகு தெர்மாகோலில் குண்டூசி குத்தி வைத்துவிடுகிறார். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்குமாம். வெட்டிய ஓரங்களுக்குத் தண்ணீர் கலக்காத ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டுப் பின்பக்கமாகத் தடவுகிறார். மடித்துத் தைத்தால் ஓரம் கயிறாகிவிடும். இந்த அளவில் தையல் எதிரி.

"அத்தை, எனக்கு இடம் விட்டியா?"

பள்ளிச் சீருடையை மாற்றாமலே பையன் வந்து நிற்கிறான். கையில் லெகோ மனிதன், சுமார் நாலு சென்டிமீட்டர் உயரம்.

"மூலையில விட்டிருக்கேன்டா. கறுப்பு வெளியில, செவப்பு உள்ளதானே?"

"ஆமா. முதுகுல என் சின்னம். மின்னல்."

அவனுக்கு வேண்டியது ஒரு மேலங்கி. லெகோ மனிதன் இப்போதிருக்கும் உருவத்தில் வந்தது 1978-இல். அதே 1978-இல் அமெரிக்காவில் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. அதில் ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்துக்கு முதலில் வினைல் மேலங்கி போட்டார்கள். இத்தனை சின்னப் பொம்மைக்கு அதே விலையா என்று வாங்குபவர்கள் முகம் சுளிக்கக்கூடும் என்று தோன்றியதும் துணி அங்கிக்கு மாறிவிட்டார்கள். துணி போட்டால் பொம்மைக்கு மதிப்புக் கூடும் என்று ஒரு கம்பெனியே நம்பியது. இன்றைக்கோ அந்த மலிவான வினைல் ஜாவாதான் சேகரிப்பவர்களிடம் அரும்பொருள், அதற்குப் போலிகளும் உண்டு. ஒரு மேலங்கியைப் போலியாகச் செய்கிறார்கள் என்றால், பொம்மையில் விலை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு பக்கமும் நிறம் வேண்டும் என்றால், இரண்டு துணியை ஒட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பையன் முன்பு அப்படிச் செய்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறான். அது மேலங்கியாகத் தொங்கவில்லை, முதுகில் கதவு மாட்டியதாக நின்றது. அத்தை வழி வேறு. சிவப்பு அடித்த மூலைத் துண்டை உரித்து, திருப்பி, இன்னொரு ஸ்டிக்கர் தாளில் ஒட்டி, மறுபக்கம் கறுப்பு அடிக்கிறார். எந்தப் பக்கத்தை முதலில் அடிப்பது என்பதில் விஷயம் இருக்கிறது. மை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு ஒரு ரகம், மற்ற மூன்று நிறங்கள் வேறு ரகம். கறுப்பில் நிறமித் துகள் இருக்கிறது. அது துணிமேல் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீருக்கும் லேசில் அசையாது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் கரைந்த சாயம், துணிக்குள் இறங்கி மறுபக்கம் கசியும். சிவப்பை முதலில் அடித்தால், கசிந்ததைக் கறுப்பு மூடிக்கொள்ளும். மாற்றிச் செய்தால் மூட ஆளில்லை.

மின்னலும் அப்படியே ஒரு கசிவில் பிறந்தது. கறுப்புக்கு நடுவில் மை போடாமல் விட்ட இடத்தில், பின்னாலிருந்து வந்த சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. பையன் மஞ்சள் கேட்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றான்.

கழுத்துத் துளைக்கு அலுவலகப் பஞ்ச் பெரிது. இரு துளிகள் ஃபெவிகால் வைத்து, காய்ந்ததும் கோணூசியால் குத்தித் திருகுகிறார்கள். பசை நூலைப் பிடித்துக்கொள்வதால் பிரியாது. மனிதனின் தலையைக் கழற்றி, கழுத்துக் காம்பில் துளைகளை மாட்டி, தலையைத் திரும்ப அழுத்தினால் முடிந்தது. அந்த 'டிக்' சத்தத்தோடு பையன் அறையை விட்டே போய்விட்டான். நன்றி சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை போலிருக்கிறது.

மறுபடி ராணி. கரைக்கு மேலே ஒரு பொன் கோடு வேண்டும். பிரிண்டர் அதற்கு மஞ்சளோடு சிவப்பும் துளிக் கறுப்பும் கலந்து தந்தது. திரையில் ஜரிகையாக இருந்தது, துணியில் மந்தமான மஞ்சள். பாட்டி எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய், இற்றுப்போன ஒரு முந்தானைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து ஜரிகை இழையை உருவி, அத்தை அந்த அச்சிட்ட கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு போகிறார். அச்சு இழைக்கு வழிகாட்டும் கோடாகிவிட்டது.

எதிர்ச் சுவரில் பழைய லட்சுமி படம். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு நாடெங்கும் பரவிய சாமி படங்களுக்குப் பல வீடுகளில் ஜரிகையும் சமிக்கியும் துணியும் ஒட்டி உடுத்தினார்கள். இந்த வீட்டு லட்சுமியின் புடவையில் ஒட்டிய ஜிகினா பாதி உதிர்ந்திருக்கிறது. அங்கே அச்சுக்குத் துணி போர்த்தினார்கள், இங்கே துணிக்கு அச்சுப் போட்டிருக்கிறது. இரண்டிலும் கடைசியில் ஜரிகையைக் கையால்தான் ஒட்ட வேண்டியிருக்கிறது.

மரப்பாச்சியைத் திருப்பி நிறுத்தி, இடுப்புத் துண்டை மட்டும் அளவு பார்க்கச் சுற்றுகிறார்கள். செஞ்சந்தனத்தில் செய்தவை, பாட்டியின் கல்யாணத்தில் வந்தவை. குழந்தை கடித்தாலும் கெடுதலில்லை என்று அந்தக் காலத்தில் கையில் கொடுத்த மரம். செம்மரம் என்று செய்தித்தாளில் கடத்தல் வழக்காக இப்போது வருவதும் அதுதான். ராஜாவுக்கு வெள்ளை வேட்டி. அதற்குப் பிரிண்டர் தேவைப்படவில்லை; வெட்டி ஒட்டிய மல்மல், கரைக்குப் பேனாக் கோடு. அத்தை அதில் ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. ஆண்களுக்குக் கொலுவிலும் அவ்வளவுதான் கவனிப்பு.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஸ்டிக்கர் தாளை உரிக்கும்போது துணியை இழுக்காதீர்கள். துணியைக் குப்புறப் போட்டு, தாளை அதிலிருந்து மடக்கி உரியுங்கள், நூலோட்டம் கலையாது. கொலு மழைக்காலத்தில் வருகிறது, ஈரக்கையோடு பொம்மையைத் தொட வேண்டாம். கறுப்புக் கரை நிற்கும். அரக்கு விரலோடு வந்துவிடும்.